தனி ஆம்ப்ளிஃபையர்

"மாமா ரூமை மட்டும் இதுல சேர்க்காதீங்க. அதுக்குத் தனியா ஒரு ஆம்ப்ளிஃபையர் போட்டுடுங்க."

மருமகள் இப்படிச் சொன்னதும், சீலிங் ஸ்பீக்கர் மாட்ட வந்த கடைக்காரர் ஏணிப்படியிலேயே நின்றுவிட்டார்.

புது வீடு. ஹால், சமையலறை, படுக்கையறை என்று கூரையெல்லாம் வட்ட வட்டமாக ஸ்பீக்கர் பதித்தாயிற்று. ஆம்ப்ளிஃபையர் எது என்பதுதான் பாக்கி. ஒன்றே ஒன்று வாங்கினால் வீடு முழுக்கத் தாங்கும், அறைக்கு அறை சுவரில் ஒன்றிலிருந்து பத்து வரை ஒரு திருகு இருக்கும், அவரவர் சத்தத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் விளக்கியிருந்தார். புருஷன் தலையாட்டி முடிப்பதற்குள் இவள் குறுக்கே வந்தாள்.

"தனியா ஒண்ணு தண்டம்மா. இதுலயே ஒரு லைன் சும்மாதான் இருக்கு."

"இருக்கட்டும் அண்ணே. உங்ககிட்ட இருக்கறதுலயே பெருசா பார்த்துப் போடுங்க. அப்புறம், அந்த ரூம் கதவைச் சுத்தி ரப்பர் ஒட்டணும். சத்தம் வெளியே வரக்கூடாது."

நாத்தனார் சோபாவில் இருந்தாள். புருஷனுக்கு அக்கா, வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள். கையிலிருந்த தம்ளரை டங்கென்று கீழே வைத்தாள்.

"வீட்டுக்கெல்லாம் ஒண்ணு, எங்கப்பாவுக்கு மட்டும் வேறயா? கதவுக்கு ரப்பர் வேற. அதுக்குப் பேசாம ஒரு சுவரையே எழுப்பிடேன்."

மருமகள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

பெரியவர் மோட்டார் பட்டறையிலேயே காலத்தைக் கழித்தவர். வண்டி தெருமுனை திரும்பும்போதே அதற்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். பட்டறையில் அவருக்குக் 'காதுக்காரர்' என்றே பேர். அந்தக் காது இப்போது மந்தம். எல்லாருக்கும் தெரியும், அவர்தான் ஒத்துக்கொள்ளமாட்டார். மகன் காதுமெஷின் வாங்கி வந்தபோது அதை அலமாரிக்குள் போட்டுப் பூட்டினார். பழைய வீட்டில் ஒருநாள் ரேடியோவை எட்டில் வைத்திருந்தார். தெருவுக்கே கேட்கிறது, காதென்ன அடைத்துப்போச்சா என்று மகன் வந்து மூன்றுக்கு இறக்கினான். அன்றிலிருந்து பெரியவர் மூன்றைத் தாண்டியதில்லை. அது ரோஷம்.

இங்கேயும் அதே பேச்சுதான். எல்லாரும் மூணுல வச்சா எனக்கும் மூணு, எனக்கென்று ஒரு சலுகையும் வேண்டாம் என்றார்.

மகள் விடவில்லை. ஒதுக்கி வைக்கிற வீட்டில் உங்களுக்கென்ன வேலை, என்னோடு கிளம்புங்கள் என்றாள். அவருடைய துணிப்பை இன்னும் பிரிக்காமல் ஹாலில்தான் கிடந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். பாட்டுப் போடட்டும், பிறகு சொல்கிறேன் என்றார்.

கடைக்காரர் வயரை எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தபோது மருமகள் பக்கத்தில் போய் ஏதோ காதோடு சொன்னாள். அவர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பெரியவருடைய ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் எதையோ திருகினார். நாத்தனாருக்கு அது போதாதா?

"பார்த்துக்க தம்பி, குசுகுசுன்னு என்ன நடக்குதுன்னு."

பாட்டு ஆரம்பித்தது. ஹாலில் மூன்று. பேச்சுக்கு அடியில் இதமாக ஓடியது. பெரியவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனவர் வரவே இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"ஒண்ணும் கேக்காம சுவரைப் பார்த்து உக்காந்திருப்பார். எங்கப்பா தலையெழுத்து." நாத்தனார் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

பாட்டு அவளை முகத்தில் அறைந்தது.

கட்டில் ஓரத்தில் பெரியவர் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, கூடவே பாடிக்கொண்டிருந்தார். நாத்தனார் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த திருகைப் பார்த்தாள். மூன்று. அப்படியே பின்வாங்கிக் கதவைச் சாத்தினாள். சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது.

"மூணா அது?"

"அவருக்கு மூணு. நம்ம ரூம்ல பத்து வச்சாக்கூட அவ்வளவு வராது." மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பழைய வீட்டுல கரண்ட் போனது தெரியாம, ரேடியோ முன்னால உக்காந்து தாளம் போட்டுட்டு இருந்தார் அண்ணி. நான் பார்த்தேன்."

"ரப்பர்?"

"சத்தம் வெளியே வந்தா உங்க தம்பி குறைச்சுடுவாரே."

தம்பி மறுபடியும் கூரையைப் பார்த்தான்.

கொஞ்சம் கழித்துப் பெரியவரே வெளியே வந்தார். முகத்தில் பட்டறைக் காலத்துக் களை.

"மூணுலயே கணீர்னு இருக்கு. என் காதுல ஒரு கோளாறும் இல்ல, அந்த ரேடியோதான் ஓட்டைன்னு நான் அப்பவே சொன்னேன். ஏண்டா, நீயும் மூணுதானே வச்சிருக்கே?"

"மூணுதான்பா" என்றான் மகன், பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே.

பெரியவர் மகளிடம் திரும்பினார். "இப்ப மேல காத்து பட்டுச்சு, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது நீதானே? சத்தம் எப்படி?"

நாத்தனார் துணிப்பையைக் காலால் அவர் அறைக்குள் தள்ளினாள். அப்பா முகத்துக்கு நேராக வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்:

"எனக்குச் சரியாவே கேக்கலைப்பா. நாலுல வச்சுக்கோங்க."