பிரபுவின் மோதிரம்

"பிரபு செத்த சேதிய ராணிகிட்ட நான் சொல்ல மாட்டேன், அண்ணாவியாரே!"

தூதன் வேஷத்தில் நின்ற கயித்தான், நாடகம் பழக்கும் அண்ணாவியாரின் கையைப் பிடித்துக்கொண்டான். படுதாவுக்கு அந்தப் பக்கம், மாதா கோயில் மேடையில், கொன்ராத் பிரபு நாடகம் பாதி முடிந்திருந்தது. யுத்தகால இருட்டடிப்பு என்பதால் இந்த வருஷம் பகலிலேயே நடந்தது.

ஜெர்மன் தேசத்து மலைக்கோட்டையில் இருந்து ஆண்ட பிரபு பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். ஏழையின் கழுதையைப் பறித்தவன்மேல் படையெடுத்தார். "இந்த மோதிரம் திரும்பி வந்தால் நான் இல்லை" என்று ராணியிடம் சொல்லிவிட்டுச் சிலுவைப் போருக்குக் கிளம்பினார். இனி தூதன் மோதிரத்தோடு வர வேண்டும்.

இருபது வருஷமாகப் பெண் வேஷம் கட்டும் ரோச்தான் ராணி. அவருடைய ஒரே மகன் தொம்மைக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை. ஈஸ்டர் அன்று எதிரி விமானங்கள் அங்கே குண்டு போட்டதிலிருந்து, வருகிற தோணிக்காரர்களிடமெல்லாம் மகனை விசாரித்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் வேஷம் கட்டி மேடையேறிய பிறகுதான் கயித்தானின் கொழும்புத் தோணி கரைக்கு வந்தது. தொம்மையின் மோதிரம் அவன் மடியில் இருந்தது. மகன் தோணியேறிய அன்று ரோச் தன் விரலிலிருந்து கழற்றி அவனுக்குப் போட்டுவிட்ட மோதிரம் அது.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரப் பாப்பேன்?"

"நாப்பது வள்ளம் கடல்ல கெடக்குலே. அரிதாரம் பூசுனவன் மங்களம் பாடாம கலைச்சா அதுல போனவங்களுக்கு ஆகாது. முடியட்டும், நானே சொல்லுதேன்." அண்ணாவியார் நாடகத்துப் பித்தளை மோதிரத்தை அவன் கையில் திணித்தார். கயித்தான் அதையும் மடியில் செருகிக்கொண்டு மேடையேறினான்.

ராணியின் முகத்தைப் பார்க்காமலே மடியைத் துழாவி மோதிரத்தை நீட்டினான். ராணி அதை வாங்கி விரலில் போட்டுக்கொண்டாள். ஒத்திகையில் நாலு தடவை கழன்று உருண்டு எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தது. நல்லவேளை, இன்று விரலில் அப்படியே நின்றது.

ரோச் ஒப்பாரி வைத்தார். கூட்டத்தில் அழாத பெண் இல்லை. ஓர் அடிகூடத் தவறவிடாமல் மங்களம் வரை பாடி முடித்தார்.

படுதாவுக்குப் பின்னால் வந்ததும் அண்ணாவியார் தொண்டையைக் கனைத்தார். "ரோச்சு, மனசத் தேத்திக்கிடணும்..."

சாடை புரிந்து கயித்தான் மடியை அவிழ்த்தான். கையில் வந்தது பித்தளை மோதிரம்.

ரோச் மோதிரம் போட்ட தன் விரலைப் பொத்திக்கொண்டார்.

"எம் புள்ளைய அங்கனயே அடக்கம் பண்ணிட்டியளாலே?"