பதினொன்றாவது கேள்வி

“இதுதான் எங்க ஃபிரிட்ஜ்” என்று டிரைவர் வீட்டம்மா என் வீட்டுக்குள் நின்றுகொண்டு கை காட்டினாள்.

கணக்கெடுக்க வந்த பெண் எட்டிப் பார்த்தாள். நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணுகிறார்களாம். வீட்டுக்குள் குழாய் உண்டா, வண்டி உண்டா என்று இருபது கேள்வி. பதினொன்றாவது, ஃபிரிட்ஜ் உண்டா. வாயால் சொன்னால் போதாது. கண்ணால் பார்த்து, படமும் எடுக்க வேண்டும். சொன்னதெல்லாம் உண்மை என்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். தைத்துக்கொண்டிருந்ததும் டிரைவர் வீட்டம்மாவின் துணிதான்.

அவள் சொன்னது நிஜம். மூன்று வருஷத்துக்கு முன்னால், “எங்க வீட்டுல வைக்க இடமில்ல, உன் மூலை சும்மாதானே கிடக்கு” என்று அதைக் கொண்டுவந்து இறக்கினாள். உன் மகளோட மருந்தையும் அதிலேயே வச்சுக்கோ என்று போகிறபோக்கில் சொன்னாள்.

என் மகளுக்குத் தினமும் இன்சுலின் ஊசி. அதுவரை மருந்தை மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றி வைத்திருந்தேன். வெயில் ஏற ஏறத் துணியை நனைத்துக்கொண்டே இருப்பேன்.

அன்றிலிருந்து நான் அவளுக்கு அடிமை. இந்த மாடியில் ஏழு வீடு. எல்லார் துணியும் என்னிடம்தான் வரும். அவள் துணி காலையில் வந்தால் சாயங்காலம் தயார். மற்ற ஐந்து வீட்டுக்கும் ஒரே பதில்தான், “நாளைக்கு வாங்க.”

அடுத்த மாதம் அவள் வீட்டைக் காலி செய்கிறாள். பெரிய வீடாம், இரண்டு அறையாம். இடமிருக்கிற வீட்டுக்குப் போகிறவள் ஃபிரிட்ஜை விட்டுவிட்டா போவாள்? கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய பானையைத் தேடியெடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் படமெடுத்துக்கொண்டு போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கூடவே இரண்டாவது வீட்டு டீச்சரம்மா.

“இதுதாம்மா, எங்க ஃபிரிட்ஜ்.”

என் கால் அப்படியே நின்றுவிட்டது. நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், வாய் கூசாமல் புளுகுகிறாளே! நடுத்தரம் என்று பேர் வாங்க இத்தனை ஆசையா? டீச்சரம்மா என் முகத்தைப் பார்க்காமலேயே போய்விட்டாள்.

அடுத்து பெயின்டர் வந்தார். அப்புறம் நர்ஸ். அப்புறம் பேக்கரியில் வேலை பார்க்கிறவர். எல்லோரும் அதையே காட்டினார்கள், யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண் ஒரே ஃபிரிட்ஜை ஐந்தாவது முறையாகப் படமெடுத்தாள். ஃபிரிட்ஜுக்கே வெட்கம் வந்திருக்கும்.

கடைசியாக ஆறாவது வீட்டு வாட்ச்மேன். அவருக்குக் காது மந்தம். ரகசியம் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். வாசலிலேயே அந்தப் பெண் அவரை நிறுத்திவிட்டாள். “எல்லாரும் ஒண்ணையே காட்டுறீங்க. என் வேலைக்கே உலை வச்சிருவீங்க போலிருக்கே!”

அவர் ரகசியமாகப் பதில் சொன்னார். “ஆறு வீடும் சேர்ந்து வாங்கினதும்மா. உள்ள இருக்கிற பொண்ணுகிட்ட சொல்லிடாத. சும்மா குடுத்தா வாங்க மாட்டா, ரோஷக்காரி.”

நான் ஊசியில் நூல் கோர்க்கிறவள் போலக் குனிந்துகொண்டேன். நூலும் தெரியவில்லை, ஊசியும் தெரியவில்லை.

மூன்று வருஷத்தில் ஒருவர்கூட அதில் ஒரு சாமான் கொண்டுவந்து வைத்ததில்லை. டிரைவர் வீட்டம்மா மட்டும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தாள், அதுவும் பேருக்கு. இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. இனி பானையைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடலாம். ஆறில் ஒரு பங்கை மட்டும் யாரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

அந்தப் பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பங்கு போட்டு வாங்கியவர்கள் எல்லோருக்கும் ‘உண்டு’ என்று எழுதலாம், வெறுமனே வைத்திருப்பவர்களுக்கு எழுதக் கூடாது, விதி அப்படி என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆறு வீடும் நடுத்தரம். ஃபிரிட்ஜ் நிற்கிற வீடு மட்டும் கணக்கில் கீழே.

“எழுதிக்கோம்மா, எங்களுக்கு ஃபிரிட்ஜ் கிடையாது” என்றேன்.

இல்லை என்பதை இவ்வளவு நிறைந்த மனசோடு நான் சொன்னதே இல்லை. கையெழுத்தும் போட்டேன்.

அவள் போனதும், மிஷினில் இருந்த டிரைவர் வீட்டம்மாவின் துணியை எடுத்து ஓரமாக வைத்தேன். குவியலுக்கு அடியில் கிடந்த டீச்சரம்மாவின் பையை இழுத்தெடுத்துப் பிரித்தேன்.

இதற்காக அவள் ஏழு முறை வந்திருக்கிறாள். ஏழு முறையும், “அவசரமில்ல, மெதுவாத் தைங்க” என்று சொல்லிவிட்டு, போகும்போது அந்த மூலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள்.