மடிக்காத இலைகள்

முப்பது இலை போட்டிருந்தது. எல்லாவற்றிலும் சோறும் சாம்பாரும் பாதி பாதியாகக் கிடந்தன. கூடத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

ஞானசிகாமணி வாசலிலேயே நின்றுவிட்டார். பேரூராட்சி அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷமாக எழுத்தர். ஆய்வுக்குப் போகிற இடங்களில் ஆள் பிடித்து உட்காரவைத்துக் காட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறார். ஆளே இல்லாமல் எச்சில் இலையை மட்டும் காட்டுவது இதுதான் முதல் தடவை.

"வாங்க சார். வெயில்ல வந்திருக்கிய, மோர் தரட்டா?" அடுப்படியிலிருந்து மைதீன் பாத்திமா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆதரவற்றவர்களுக்கு மதியச் சோறு போடும் இந்தக் கூடத்தை ஐந்து வருஷமாக நடத்துகிறவள் அவள்தான்.

"மோர் இருக்கட்டும்மா. சாப்பிடுதவங்க எங்க?"

"இப்பதான் கை கழுவப் போனாவ."

"முப்பது பேரும் ஒண்ணாவா?"

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஞானசிகாமணி உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் இந்தக் கூடத்துக்குப் பேரூராட்சி நிதியிலிருந்து உதவி வாங்கித் தந்ததே அவர்தான். கோப்பை மேசை மேசையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 'வேலையோ வருமானமோ இல்லாதவர்களுக்கு மட்டும்' என்ற நிபந்தனையை எழுதிச் சேர்த்தவரும் அவரே. அப்படி எழுதினால்தான் தீர்மானம் நிற்கும் என்றார்கள்.

போன மாதம் ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. அங்கே யாரும் சாப்பிடுவதில்லை, அரிசியெல்லாம் கடைக்குப் போகிறது என்று எழுதியிருந்தது. அப்போது வந்து பார்த்தபோதும் கூடம் காலியாகத்தான் கிடந்தது. அதனால்தான் இன்று சொல்லாமல் வந்திருந்தார்.

வந்த இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தக்கூட நிழல் இல்லை. தெருமுனை வேப்பமரத்தடியில் பேரூராட்சியின் குப்பை வண்டிகள் வரிசையாக நின்றன. ஓட்டுகிறவர்கள் எங்கே படுத்துத் தூங்குகிறார்களோ, போனதும் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வண்டியை வெயிலில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்.

"நான் வாரது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஆபீஸ்ல இருந்து ஆரு சொன்னது?"

"ஆரும் சொல்லல சார்."

"சரி, பேர் எழுதுத நோட்டை எடுங்க."

"நோட்டு போடல சார்."

"போன தடவையே படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா? பேரும் கையெழுத்தும் இருந்தா நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேனே!"

"கேட்டுப் பாத்தேன் சார். பேரு குடுக்கணும்னா சோறே வேண்டாங்காவ."

இலவசச் சோற்றுக்கு வருகிறவர்களுக்கு இவ்வளவு வீம்பா? ஞானசிகாமணிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். காலையிலிருந்து வரி பாக்கி நோட்டீஸ், குடிநீர்ப் புகார், இப்போது இது. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

கைபேசி அடித்தது. செயல் அலுவலர்.

"என்னவே ஞானசிகாமணி, அங்கன ஆள் இருக்கா, இல்லியா? சாயந்திரம் கூட்டத்துல வச்சு முடிச்சிரணும்."

"பாத்துட்டே இருக்கேன் சார்."

கைபேசியைப் பையில் போட்டார். பக்கத்து இலையில் சோற்றிலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

பாத்திமா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "சார், ஒரு பத்து நிமிஷம் ரோட்டுப் பக்கம் போய் நின்னுக்கிட முடியுமா? நீங்க போயிட்டா அவங்க வந்து சாப்பிட்டிருவாவ. சோறு ஆறுது."

"எனக்கு முன்னால சாப்பிட என்னம்மா வெக்கம்?"

"வெக்கம் இல்ல சார். பயம்."

ஞானசிகாமணி பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்தார். 'பயனாளிகள் எவரும் இல்லை. உதவியை நிறுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி முடித்தார். மூன்று வருஷத்துக்கு முன் பரிந்துரைத்து எழுதியதும் இதே கைதான்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவள் பேனாவை வாங்கவில்லை. அவள் பார்வை சாத்தியிருந்த பின்கதவுக்குப் போய்த் திரும்பியது. கதவுக்கு அப்பால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

ஞானசிகாமணி எழுந்தார். "ஆரு அங்கன?"

பாத்திமா குறுக்கே வந்து நின்றாள். "திறக்காதிய சார். உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். நீங்க பாத்துட்டா அவங்களுக்கு இந்தச் சோறும் போயிரும், வேலையும் போயிரும்."

"வேலையா? வேலையில இருக்கவங்களுக்கு இங்க என்னம்மா சோறு? யார் அவங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாரும் உங்க பேரூராட்சித் துப்புரவு ஆளுங்கதான் சார்."