இரண்டாம் வரிசை

"இந்த நாற்காலியை இங்க போடக் கூடாதும்மா."

மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் பெண் தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனாலும் நெரிடாவுக்குத் திக்கென்றது.

முன்னால் புல்வெளியில் சுண்ணாம்பால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். டிக்கெட்டுக்கு ஒரு கட்டம். அதில் விரிப்பு விரிக்கலாம், சாண் உயர நாற்காலி போடலாம். உயர நாற்காலி என்றால் மேட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் மலையில் நடக்கும் இந்தத் திறந்தவெளிக் கச்சேரிக்கு வருகிறவர்கள் திருடனைக்கூட மன்னிப்பார்கள்; முன்வரிசையில் உயர நாற்காலி போட்டவனை மன்னிக்க மாட்டார்கள்.

நெரிடாவுக்கும் அது தெரியும். ஆனால் எட்டு மாதம் முன்பு டிக்கெட் வாங்கியபோது கணவர் மர்ரேயின் இடுப்பு நன்றாகத்தான் இருந்தது.

"இவருக்கு இடுப்பு எலும்பு மாத்தி ஏழு வாரம்தான் ஆகுது. தாழ உட்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள்.

"அப்போ பின்னாடி வசதியா..."

"பின்னாடி போனா இவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கண்ணு போயிட்டிருக்கு. அடுத்த வருஷம் கிட்ட இருந்தாலும் தெரியாது."

மர்ரே கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "விடு நெரி. காது நல்லாத்தானே இருக்கு. பின்னாடி போயிடலாம்."

"நீ பேசாம உட்காரு கிழவா."

டப்போ ஊர் இசைக்குழுவில் முப்பது வருஷம் செல்லோ என்ற பெரிய வயலின் வாசித்த மனுஷன். ஒரு செல்லோவின் மேல் வில் ஓடுவதைக் கடைசியாக ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காக நாலு மணி நேரம் காரோட்டி வந்திருக்கிறாள். சும்மா போய்விடுவாளா?

தொண்டர் பெண் தலையைச் சொறிந்தாள். அதற்குள் அவர்களுக்கு நேர் பின்னால் இருந்த கட்டத்திலிருந்து ஒரு வைக்கோல் தொப்பிக்காரி எழுந்து வந்தாள். தொண்டர் பெண்ணைத் தனியாக அழைத்துப் போய்க் காதோடு காதாக ஏதோ சொன்னாள். நடுநடுவே மர்ரேயின் நாற்காலியைக் காட்டினாள்.

"பார்த்தியா, புகார் வாசிக்கிறா" என்று நெரிடா பல்லைக் கடித்தாள்.

தொண்டர் பெண் திரும்பி வந்து, "நீங்க இங்கேயே இருக்கலாம்" என்றாள்.

நெரிடா அவளைக் கட்டிக்கொள்ளாத குறை. கையோடு ஒரு லாமிங்டன் கேக்கை எடுத்து நீட்டினாள்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம், தொப்பிக்காரியும் அவளோடு வந்த மூன்று பேரும் விரிப்பைச் சுருட்டினார்கள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போயே விட்டார்கள். அவர்கள் கட்டம் காலியாகக் கிடந்தது. அதற்கும் பின்னால் வெறும் நடைபாதைதான்.

"புகார் எடுபடலைன்னதும் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. காசு கொடுத்த இடத்தை விட்டுட்டுப் போற அளவுக்கு வீம்பு!"

"என் சாக்ஸ் நாத்தம் தாங்காம இருக்கும்" என்று சிரித்தார் மர்ரே.

"சிரிக்காதே. எனக்கு வயிறு எரியுது."

கச்சேரி தொடங்கியதும் எரிச்சல் எல்லாம் மறந்துபோனது. செல்லோக்காரப் பெண் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மர்ரே தலையை ஒருக்களித்து, இடது கண்ணின் ஓரத்தால் பார்த்தார். திடீரென்று நெரிடாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வில் தெரியுது நெரி! போகுது, வருது... நல்லாத் தெரியுது!"

நெரிடா அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். நல்ல வெயிலுக்கு நன்றி சொன்னாள். இடுப்பை மாற்றிய டாக்டருக்கு நன்றி சொன்னாள். வழியில் மக்கர் பண்ணாத காருக்குச் சொன்னாள். மஞ்சள் சட்டைக்காரிக்கு இரண்டு தடவை சொன்னாள்.

இடைவேளையில் டீ வாங்கப் போனால், வரிசையில் முன்னால் அதே வைக்கோல் தொப்பி. நெரிடாவுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"எங்களால உங்க நாளே கெட்டுப்போச்சு போலிருக்கு. பயப்படாதீங்க, இடுப்பு வலி ஒட்டிக்கிற வியாதி இல்லை."

தொப்பிக்காரியின் முகம் சிவந்தது.

"உங்க வீட்டுக்காரர் கச்சேரியை ரசிக்கிறாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"பிரமாதமா ரசிக்கிறார். உங்க தயவு இல்லாமலே."

அவள் தலையை ஆட்டினாள். நாலு டீயை வாங்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தாள்.

"நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன்" என்று திரும்பி வந்து பெருமையடித்தாள் நெரிடா.

"உன் வாய்க்கு லைசென்ஸ் வாங்கணும்" என்றார் மர்ரே.

கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தது. மர்ரேயைக் காரில் உட்கார வைத்துவிட்டு, நெரிடா மிச்சமிருந்த கேக் டப்பாவோடு மஞ்சள் சட்டைக்காரியைத் தேடிப் பிடித்தாள்.

"டப்பாவோட வெச்சுக்கோம்மா. நீ மனசு வெச்சதாலதான் அவர் ஆசை தீர்ந்துது. இந்த நாளை நாங்க சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம்."

அவள் கூச்சத்தோடு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? விதியை மாத்த எனக்கு ஏது அதிகாரம்? பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைச்சா நாற்காலியை எடுத்தே ஆகணும்னு சொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன். 'அப்போ, பின்னாடி யாருமே இல்லைன்னா?'ன்னு அந்தத் தொப்பி போட்ட அம்மாதான் கேட்டாங்க."