ஒன்பது பேர்

புளியந்தீவில் வாவிக்கரை வீட்டு வாசலில், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிப் பெண்ணான டொறின் கைபேசியை இரண்டு கைகளாலும் ஏந்தி நிற்கிறாள். இங்கே மாலை வெயில் தண்ணீரில் மங்குகிறது. வீடியோ அழைப்பின் திரையில் ஒரு கரீபியன் தீவின் காலை வெயில் கண்ணைக் கூசவைக்கிறது; அங்கே யாரோ ஒரு கல்லறைமேல் கைபேசியைச் சாய்த்துவைத்திருக்கிறார்கள். யூதர்களின் இடுகாட்டில் எஸ்தர் அம்மாவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கியிருக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போய்ப் பதினொரு வருடம் அவரைப் பராமரித்தவள் டொறின். இவள் வீட்டுப் போர்த்துக்கீசும் அவருடைய தீவு மொழியும் ஒத்துப்போனதால், முதல் நாளே இருவரும் பேசிக்கொண்டார்கள். போர்த்துக்கலில் ஒளிந்து செபித்த தன் முன்னோர், காலடி ஓசை கேட்காதிருக்கத் தரையில் மணல் பரப்பினார்கள் என்று எஸ்தர் சொல்வார். கப்பல் கப்பலாக அந்தத் தீவுக்குத் தப்பி வந்த அந்தச் சனத்தில், இன்று குழியைச் சுற்றி நிற்பவர்கள் ஒன்பது பேர்.

"என்னகா, எல்லாரும் ஏன் சும்மா நிக்காங்க?" என்று பக்கத்து வீட்டு இராசாத்தி எட்டிப் பார்க்கிறாள்.

"பத்துப் பேர் வேணும் இராசாத்தி. இல்லாட்டி செத்தவங்களுக்கான அந்தச் செபத்தைச் சொல்ல ஏலா. இளசுகள் எல்லாம் வேற நாட்டுக்குப் போயிற்றுதுகள்."

"நீயும் நிக்கிறாய்தானே?"

"நான் அவங்கட சமயமில்லையே."

இடுகாட்டு வாசலை ஒருவர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். யாரும் வரவில்லை. கடைசியில் அந்தச் செபம் இல்லாமலே மண்ணைத் தள்ளுகிறார்கள். பெட்டியின் பலகையில் மண் விழும் ஓசை வாவிக்காற்றையும் மீறிக் கேட்கிறது. டொறின் கைபேசியை வாயருகே கொண்டுபோய், எஸ்தருக்குப் போர்வையை இழுத்துவிடும்போது சொல்வதுபோல், "நல்லா நித்திரை கொள்ளுங்க" என்று தன் வீட்டு மொழியில் சொல்கிறாள். அவள் குரல் கேட்டு அங்கே மண்வெட்டிகள் நின்றுபோகின்றன. ஒன்பது முகங்களும் அவள் பக்கம் திரும்புகின்றன.