பானட்டில் ஒரு கைத்தடம்

புதுக் காரின் பானட்டில் ரத்தக் கைத்தடத்தைப் பார்த்ததும் கெய்ரோ குடியிருப்பின் காவலாளி மஹ்ரூஸுக்கு வாயெல்லாம் பல்.

“கண்ணுபடாம இருக்க ஒருவழியா ஆடு அறுத்து, அந்த ரத்தத்துல கையைப் பதிச்சுட்டீங்க, உஸ்தாத். அடையாளத்தை ஏன் கழுவுறீங்க?”

“ரத்தம் பெயிண்டை அரிச்சிடும்,” என்றார் காரின் சொந்தக்காரர் ஹாத்திம், ஈரத்துணியால் தேய்த்தபடி.

“அறுக்கிறதுக்குள்ளயே கண்ணு பட்டுருச்சு போல. முன்விளக்கு உடைஞ்சிருக்கு பாருங்க.”

ஹாத்திம் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

“இப்படித் தேய்ச்சா கீறல் விழும். கொடுங்க.” மஹ்ரூஸ் துணியை வாங்கி, ஷாம்பு நுரையால் பதமாகத் துடைத்து, மெழுகுப் பாலிஷும் போட்டான். பானட் கண்ணாடியாய் மின்னியது.

“கை ரொம்பச் சின்னதா இருந்துச்சே. யாரு பதிச்சது?”

“ரொட்டிக்கடை முக்குல... ஒரு சின்னப் பொண்ணு.”

“அடடா, என் மக ஸஹர் அங்கதான் ரொட்டி வாங்கப் போயிருக்கா,” என்றான் மஹ்ரூஸ். “வந்ததும் அறுத்த ஆட்டுக்கறியில எங்க பங்கை வாங்க உங்க வீட்டுக்கு அனுப்புறேன்.”