ஆப்பிள் தெரியாத எட்டாம் வகுப்பு

"திஸ் இஸ் அன் ஆப்பிள்," என்று படத்தைத் தூக்கிக் காட்டினாள் லேனா.

எட்டாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

"ஆ... ஆப்... ஆப்புளு..." என்று எழுந்து நின்று திக்கினாள் டார்லின். பக்கத்து வரிசையில் பெனோ அதுகூட வராமல் தலையைச் சொறிந்தான்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற இன்பமணி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுப்பவள் அவள்தான். இதே டார்லின் போன வாரம், மழைக்கு லீவு விடாதது நியாயமா என்று அவளிடம் இங்கிலீஷிலேயே மூச்சு விடாமல் வாதாடியிருக்கிறாள்.

லேனா ஜெர்மனிக்காரி. சம்பளம் இல்லாமல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு மாதத்துக்கு வந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் முதல் வகுப்பு. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைக்காரப் பிள்ளை வருகிறது என்றால் லேசா? தாளாளர் அப்பாத்துரை ஊர் முக்கில் பிளக்ஸே வைத்துவிட்டார். அதில் லேனா படத்தைவிட அவர் படம்தான் பெரிசு.

அவரும் இப்போது ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"என்ன டீச்சர், எட்டாங்கிளாஸுக்கு ஆப்பிளே தெரியல? இத்தன வருசமா என்னத்தச் சொல்லிக் குடுத்திய?"

"பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் சார்..."

"தெரிஞ்ச லெச்சணத்தத்தான் பாக்கேன்லா. அடுத்த வருசம் பத்தாங்கிளாஸ் வேணும்னு கேட்டிருக்கிய. யோசிக்கணும்."

பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்க வேண்டும் என்பது அவளுக்குப் பல வருஷத்து ஆசை. அது கண்ணெதிரே கை நழுவிப் போனதில் அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் குழாயடியில் டார்லினைப் பிடித்தாள்.

"ஏட்டி, என்னையக் கேவலப்படுத்தணும்னே செய்யுதியளா?"

"ஐயோ, இல்ல டீச்சர்."

"பொறவு என்னத்துக்கு இந்த நடிப்பு?"

டார்லின் பைய சொன்னாள். "லேனாக்கா பெட்டியத் தொறந்தப்போ பாத்தோம் டீச்சர். ஒவ்வொரு படமும் அவுகளே வரைஞ்சு, வெட்டி, அட்டையில ஒட்டிக் கொண்டாந்திருக்காவ. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்னு சொன்னா அவுக மொகம் வாடிப் போயிரும்லா?"

"அதுக்கு?"

"போன லீவுக்கு மெட்ராஸ்ல இருந்து எங்க சித்தி வந்தாவ. எங்களுக்கு இருக்கதே வாழைத்தோட்டம். அவுக என்ன வாங்கிட்டு வந்தாவ தெரியுமா? ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கம்மா 'நல்ல பழம்லா'ன்னு வாங்கி, எங்க எல்லாரையும் ஆளுக்கு ரெண்டு திங்க வச்சா."

இன்பமணிக்கு அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. 'அப்போ என் பத்தாங்கிளாஸ் என்னட்டி ஆவும்?' என்று கேட்க நினைத்ததையும் விழுங்கிக்கொண்டாள்.

அந்த மாதம் முழுக்க லேனா வகுப்பில் பிள்ளைகள் பூனைக்கும் நாய்க்கும் இங்கிலீஷில் பேர் கண்டுபிடித்துக் கைதட்டிக்கொண்டார்கள். இன்பமணி வகுப்புக்கு வந்தால் அதே வாய்கள் கடகடவென்று பேசின. அப்பாத்துரை தலை தெரிந்தால் போதும், அவர் அக்காவிடம் போய் உளறிவிடுவாரே என்று எல்லாம் பழையபடி ஊமை. "ஒங்க பிள்ளைக ஆரஞ்சு வரைக்கும் வந்துட்டாவளா டீச்சர்?" என்று மற்ற வாத்தியார்கள் வேறு கிண்டல்.

வழியனுப்பு விழா வந்தது. எட்டாம் வகுப்பு மேடையேறி இங்கிலீஷில் வெளுத்து வாங்கியது. டார்லின் ஆற்றைப் பற்றிப் பேசினாள். பெனோ, ஜெர்மனிக்கு வந்தால் அக்கா வீட்டில் தங்கலாமா என்று கேட்டு, அங்கே சாப்பாடு எப்படி என்றும் விசாரித்துக்கொண்டான். எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்து வந்ததுபோல, அக்காவுக்கு அவர்கள் கொடுத்த பரிசு அது.

அப்பாத்துரை மைக்கைப் பிடித்தார்.

"ஆப்பிள் தெரியாத பிள்ளைக, ஒரே மாசத்துல என்னமா பேசுதுக பாருங்க. இன்பமணி டீச்சர், இத்தன வருசமா ஒங்களால ஆவாதது எப்படி ஆச்சு, பாத்தியளா?"

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொல்ல இதைவிட்டால் வேறு நேரம் கிடையாது. கழுத்தில் மாலையோடு லேனா கண் கலங்கி நின்றாள். டார்லின் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார். லேனா வந்ததாலதான்," என்றாள் இன்பமணி. சொல்லிவிட்டு அவளே முதல் ஆளாகக் கைதட்டினாள்.

கார் கிளம்பும் நேரம் லேனா கண்ணாடியை இறக்கி, தாளாளரையும் டீச்சரையும் கிட்டே கூப்பிட்டாள். பிள்ளைகளுக்குக் கேட்காதபடி இங்கிலீஷில் சொன்னாள்.

"சார், இவங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது டீச்சர்தான். முதல் நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் என் கால்கிட்ட ஒரு தேள் வந்தது. மொத்த வகுப்பும் எந்திரிச்சு, 'அசையாதீங்க அக்கா, செருப்புக்குப் பின்னால தேள் இருக்கு, நாங்க அடிச்சிருதோம்'னு இங்கிலீஷ்ல கத்துச்சு. அடிச்சுப் போட்டுட்டு, திரும்ப ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துக்கிட்டாங்க. எனக்காக இவ்வளவு பாடுபடுற பிள்ளைங்ககிட்ட, உங்க நடிப்பு தெரியும்னு எப்படிச் சொல்ல? அதான் நானும் நடிச்சேன்."

கார் போய்விட்டது. அப்பாத்துரை சட்டையில் படிந்த புழுதியைத் தட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் மொதல்லயே தெரியும் டீச்சர். வந்த பிள்ள மனசு நோவக் கூடாதேன்னுதான் தெரியாத மாதிரி இருந்தேன். பத்தாங்கிளாஸ் ஒங்களுக்குத்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணியாச்சு."

இன்பமணி அவர் முகத்தைப் பார்த்தாள். வாடித்தான் இருந்தது.

"எனக்கும் தெரியும் சார்," என்றாள். "எல்லாரையும்விட நல்லா நடிச்சது நீங்கதான்."